நியூஜீலாந்து நார்ச்செடியும் மாவோரியர் நெசவும்

உணவுக்கு அடுத்தபடியாக மனிதனுக்கு இன்றியமையாதது உடை. பருத்தி விளையும் நாடுகளில் இது பெரிய கஷ்டமாகத் தோன்றுவதில்லை. பருத்தியும் இல்லாமல், கம்பளி தரும் ஆடும் இல்லாமல், குளிரும் மழையும் மிகுந்த ஒரு தேசத்தில் குடியேறிய ஒரு ஜனசமூகம், அங்கே சதுப்பு நிலங்களில் தானாகவே முளைத்துக் கிடந்த ஒரு செடியின் இலையைக் கொண்டு, தனக்கு வேண்டிய உடை, பாய், கூடை, கயிறு, வலை, படகின் பாய் ஆகிய யாவற்றையும் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்திருக்கிறது. அச்செடியின் வரலாறு நார்ப்பயிர்களில் கவனமுள்ள நிலச்சுவான்தார்கள் அறியத்தக்கது. செடியை அறுப்பதற்கு அந்த ஜனங்கள் ஏற்படுத்திக்கொண்ட விதிகளே அவ்வரலாற்றில் மிக முக்கியமான பகுதியாகும். அவ்விதிகள் கைக்கொள்ளப்பட்ட வரையில் செடி குறையவில்லை. அவற்றை அறியாத வியாபாரம் புகுந்தபோது நேர்ந்தது வேறு.

நியூஜீலாந்தின் ஆதிக்குடிகளான மாவோரியர், பசிபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பாலினீஷியத் தீவுகளிலிருந்து ஏறக்குறைய 13-ம் நூற்றாண்டில் படகேறி அங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்களுடைய பழைய தீவுகள் உஷ்ணப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. அங்கே முசுக்கட்டை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் உட்பட்டையை நனைத்துத் தட்டி, மெல்லிய துணியாக்கி உடுத்துவது வழக்கம். மாவோரியர் அந்த மரத்தின் கன்றுகளையும் உடன் கொண்டுவந்தனர். அதற்கு அவர்கள் ‘அவுட்டே’ என்று பெயர் சொல்வர். ஆனால் புதிய நாட்டின் குளிரை அது தாங்கவில்லை. வடபகுதியில் வெப்பமான சில இடங்களில் மட்டும் சிறிது வளர்ந்தது. வளர்ந்தாலும், பட்டைத் துணி அந்நாட்டு மழைக்கு ஏற்றதன்று. ஆகவே வேறு பொருளைத் தேட வேண்டியதாயிற்று. தாழை இனத்து ஓலைகளைக் கிழித்துப் பாயும் கூடையும் முடையும் பழக்கம் அவர்களுக்கு முன்பே உண்டு. அந்தக் கைப்பழக்கம் புதிய செடியின்மேல் சென்றது.

இச்செடிக்கு மாவோரி பாஷையில் ‘ஹரகேகே’ என்று பெயர். ஐரோப்பியர் இதன் நாரைக் கண்டு, தங்கள் நாட்டு ஆளிச்செடியின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டனர். இரண்டுக்கும் யாதொரு உறவும் இல்லை. ஆளியில் நார் தண்டிலிருந்து கிடைக்கிறது. ஹரகேகேயில் இலையிலிருந்து கிடைக்கிறது. தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் போர்மியம் டெனாக்ஸ் என்பது. முதற்சொல் கூடையையும் இரண்டாவது சொல் உறுதியையும் குறிப்பன. பெயரிலேயே பயன் விளங்குகிறது எனலாம். இதற்கு இளையதான மற்றோர் இனமும் உண்டு. ‘ஃபராரிகி’ எனப்படும் அது மலைச்சரிவுகளிலும் கடற்கரைப் பாறைகளிலும் வளர்வது. இலை குட்டையானது, தழைந்து தொங்குவது. கூடை முடைய அது உதவும். நாருக்கு அவ்வளவாக உதவாது.

ஹரகேகேயின் இலைகள் வாள் போன்றவை. நல்ல நிலத்தில் 3 மீட்டர் நீளம் வரை வளரும். அவை அடியில் ஒன்றையொன்று கவ்வி, விசிறி விரித்தாற்போல் இருபுறமும் வரிசையாக எழும்பும். பல விசிறிகள் சேர்ந்தது ஒரு புதர். ஒவ்வொரு விசிறியும் ஒரே தடவைதான் பூக்கும். பூத்தபின் அது மடிந்துபோக, பக்கத்தில் வெடித்த விசிறிகள் புதரை நடத்தும். வாழையின் வழியும் ஏறக்குறைய இதுவே. பூந்தண்டு மனிதனைவிட இரண்டு மூன்று மடங்கு உயரம் எழும். அதிலுள்ள தேனைப் பறவைகள் வந்து உண்ணும். மனிதரும் அதைச் சேர்த்து உணவுக்கு இனிப்பூட்டினர். சதுப்பில் வளர்வதென்று பெயரெடுத்திருந்தாலும், நீர் தேங்கி நிற்கும் இடத்தைவிட வளமும் வடிகாலும் உள்ள நிலத்திலேயே இது நன்றாகச் செழிக்கிறது.

அறுப்பு விதிகள்

காட்டில் கிடந்ததை வெட்டி வந்ததோடு மாவோரியர் நின்றுவிடவில்லை. குடியிருப்புகளுக்கு அருகே நல்ல புதர்களைக் கொண்டுவந்து நட்டுத் தோட்டமாக வளர்த்தனர். அத்தோட்டத்துக்குப் ‘பா ஹரகேகே’ என்று பெயர். விதையிலிருந்து வரும் செடி தாயைப்போல் இருப்பதில்லை என்பதை அவர்கள் கண்டிருந்தனர். ஆகையால் நல்ல ரகத்தை விசிறியாகப் பிரித்து, இலைகளைக் குறைத்து நட்டே பெருக்கினர். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் பயனாக, ஒவ்வொரு குலத்தாரிடமும் தனித்தனிப் பெயருடைய ரகங்கள் ஏற்பட்டன. ஒன்று நாருக்கு, ஒன்று பாய்க்கு, ஒன்று கூடைக்கு. மனியபோட்டோ குலத்தாரின் ‘கோஹுங்கா’ என்னும் ரகம், மெல்லிய உயர்ந்த மேலாடைகளுக்கு உகந்த நாரைத் தருவதென்று இன்றும் கைகாரர்களால் போற்றப்படுகிறது.

விசிறியின் நடுவே புதிதாக எழும் குருத்துக்கு ‘ரீட்டோ’ என்று பெயர். அதைக் குழந்தையாகவும், அதன் இருபுறமும் அணைத்து நிற்கும் இலைகளைத் தாய் தந்தையாகவும், அவற்றுக்கு வெளியே உள்ள முதிர்ந்த இலைகளைப் பாட்டன் பாட்டிமாராகவும் மாவோரியர் கருதுகின்றனர். அறுப்பது பாட்டன் பாட்டிமாரை மட்டுமே. குருத்தையும் அதை அணைத்த இலைகளையும் தொடுவது கூடாது. தாய் தந்தையரை இழந்த குழந்தை எப்படி நிற்கும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். இதில் உறவு முறையின் அழகு இருப்பது மெய்யே. ஆனால் விவசாயக் கண்ணோடு பார்த்தாலும் இதில் தள்ளத்தக்கது ஒன்றுமில்லை. நடுவிலுள்ள மூன்று இலைகள் நின்றால் விசிறி உயிரோடிருந்து புதிய இலைகளை விட்டுக்கொண்டேயிருக்கும். குருத்துப் போனால் அந்த விசிறியே போய்விடும்.

அறுவாயும் கவனிக்கப்பட்டது. நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்து இறங்கும்படி அடியில் வெட்டுவர். அவ்வாறு வெட்டினால் மழை நீர் குருத்தின் பக்கம் செல்லாமல் வெளியே வடிந்துவிடும், அழுகல் பிடிக்காது. மழை பெய்யும்போதும் இரவிலும் அறுப்பதில்லை. பூந்தண்டு எழுந்த காலத்திலும் புதரைத் தொடுவதில்லை. நாருக்கு உதவாத அடிக்கட்டைகளையும் ஓரங்களையும் நெருப்பிலிடாமல், கட்டிக் கொண்டுபோய்ப் புதரின் அடியிலேயே போடுவர். கெட்டுப்போன இலைகளையும், பூத்து ஓய்ந்த தண்டுகளையும் அவ்வப்போது களைந்து புதருக்குள் காற்றோட்டம் உண்டாக்குவர். இவ்விதிகளை அறியாத சிறுமி ஒருத்தியும் கத்தியோடு தோட்டத்துக்குள் விடப்படுவதில்லை. முடைய ஆரம்பிப்பவள் முதலில் செய்து முடிக்கும் பொருளைத் தானே வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்துவிடுவதும் ஒரு வழக்கம்.

நார் எடுத்தலும் நூல் திரித்தலும்

பாய்க்கும் கூடைக்கும் இலையை அப்படியே கிழித்து முடைவதே போதும். கிழித்த பட்டைகளை மழுங்கிய விளிம்பில் இழுத்து நீரையும் விறைப்பையும் குறைத்துக்கொள்வர். உடைக்கு நார் வேண்டும். அதன் பெயர் ‘மூகா’. இதை எடுக்க மாவோரியருக்கு வேண்டியிருந்த கருவி கடலிலுள்ள ஒருவகைச் சிப்பியின் ஓடு ஒன்றே. இலையின் நடு நரம்பையும் ஓரத்தையும் நீக்கி, வேண்டிய அகலத்துக்குக் கிழித்து, நடுவே குறுக்காக மேல்தோல் அளவுக்கு மாத்திரம் ஒரு கீறல் இடுவர். கீறல் ஆழ்ந்தால் நார் அறும். ஆழாவிட்டால் சதை பிரியாது. அந்த அளவு கைக்குத்தான் தெரியும். பிறகு சிப்பியின் விளிம்பைக் கீறலில் வைத்து அழுத்தி, இலையை ஒரே இழுப்பாக இழுத்தால், பச்சைச் சதை உரிந்து விழ, வெண்மஞ்சளான நார் பட்டுப்போல் கையில் நிற்கும். திருப்பிப் பிடித்து மறு பாதியையும் அவ்வாறே செய்வர். எல்லா ரகமும் இதற்கு இணங்காது. நல்ல ரகத்தில் சதை ஒட்டாமல் கழன்றுவிடும். மற்றவற்றில் சுரண்டிச் சுரண்டி நாரும் கெட்டுவிடும்.

நார் நீளமானதாகையால் கதிரில் வைத்து நூற்க வேண்டியதில்லை. இரண்டு புரியைத் துணி விலக்கிய காலின்மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியே முறுக்கேறும்; கையை எதிர்ப்புறமாக உருட்டினால் இரண்டும் ஒன்றாகத் திரிந்துகொள்ளும். இவ்வாறு செய்த நூலை நீரில் நனைத்து, கல்லின்மேல் வைத்துக் கல்லுலக்கையால் நெடுநேரம் தட்டுவர். மேலும் மேலும் கசக்குவர். விறைப்பு முழுவதும் நீங்கி மென்மையான பின்பே அது உயர்ந்த ஆடைக்கு ஏற்றதாகும்.

தறியில்லாத நெசவு

மாவோரியரிடம் தறி கிடையாது. நிலத்தில் ஊன்றிய இரண்டு குச்சிகளுக்கு இடையே ஒரு கயிற்றைக் கட்டி, அதிலிருந்து பாவு இழைகளைத் தொங்கவிடுவர். ஊடை இழைகள் இரண்டு அல்லது நான்காகச் சேர்ந்து செல்லும். ஒவ்வொரு பாவு இழையையும் முன்னும் பின்னுமாக அணைத்து, அடுத்த இழைக்குச் செல்லுமுன் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திருகிக்கொள்ளும். நாடாவும் இல்லை, அச்சும் இல்லை. எல்லாம் விரலின் வேலை. ஒரு மேலாடை முடியப் பல மாதங்கள் ஆகும். மாவோரியரில் பிறந்த அறிஞர் டே ரங்கி ஹிரோவா, தம் ஜனங்களின் உடை வளர்ந்த வரலாற்றைப்பற்றி 1926-ல் ஒரு நூல் வெளியிட்டார். மீன் பிடிக்கும் பறி கட்டும் கைவழக்கமே இந்நெசவுக்கு மூலம் என்று அவர் கருதினார். பறியைக் கட்டிப் பழகியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆடைகளில் மிக எளியது மழைக்காப்பு. அரைகுறையாகச் சுரண்டிய இலைப் பட்டைகளை, கூரை வேய்ந்தாற்போல் வரிசை வரிசையாக வைத்துக் கட்டியிருப்பார்கள். மழை நீர் மேலே வழிந்து ஓடிவிடும். உள்ளிருப்பவனுக்கு ஈரம் தட்டாது. பார்வைக்கு முரடானாலும் வயலிலும் வழியிலும் உதவியது அதுவே. தலைவர்களுக்கு உரியவை வேறு. ‘கைட்டாகா’ என்பது மிக நுண்ணிய நூலால் ஆனது. உடல் முழுவதும் வெறுமையாகவும், கரையில் மாத்திரம் ‘டானிகோ’ என்னும் கறுப்பும் பழுப்பும் வெள்ளையுமான கோணக் கட்டங்கள் நெருக்கமாகவும் அமைந்திருக்கும். ‘கோரோவை’ என்பதில் கறுப்புக் குஞ்சங்கள் மேலெங்கும் தொங்கும். நாயின் தோலைக் கீற்றாக அறுத்து நெருக்கமான நெசவின்மேல் தைத்தவையும், கீவி முதலிய பறவைகளின் இறகுகளை நெய்யும்போதே ஊடையில் கோத்துக் கட்டியவையும் மதிப்பில் உயர்ந்தவை.

சாயத்தைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கறுப்புக்கு ‘ஹீனௌ’ என்னும் மரத்தின் பட்டையை ஊறவைத்து அந்நீரில் நாரைத் தோய்ப்பர். பின்பு இரும்புச் சத்து மிகுந்த ஒருவகைக் கருஞ்சேற்றில் அமிழ்த்துவர். பட்டையின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் கூடிக் கறுப்பாகின்றன. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்புத் தரும் முறையை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. ‘டானேகாஹா’ மரப்பட்டையும் சுடுசாம்பலும் செம்பழுப்பைத் தரும். கறுப்புச் சாயத்தில் ஒரு குற்றம் உண்டு. அதிலுள்ள இரும்பு காலக்கிரமத்தில் நாரை அரித்துவிடுகிறது. காட்சிச்சாலைகளிலுள்ள பழைய மேலாடைகளில் மற்ற இழைகள் உறுதியாயிருக்க, கறுப்பு இழைகள் மட்டும் பொடியாய் உதிர்வதை இன்று காணலாம்.

‘பியுபியு’ என்னும் இடைக்கச்சையில் இதே சாயம் வேறொரு விதமாகப் பயன்படுகிறது. இலைக் கீற்றில் சில இடங்களில் மட்டும் சதையைச் சுரண்டிவிட்டு, மற்ற இடங்களை அப்படியே விடுவர். காயும்போது சுரண்டாத பாகம் சுருண்டு குழலாகும். சேற்றில் தோய்த்தால் சுரண்டிய இடம் கறுக்கும். குழல் வைக்கோல் நிறமாகவே நிற்கும். உடுத்தியவர் அசையும்போது குழல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று ஒலிக்கும்.

வியாபாரம் புகுந்த கதை

1769-ல் காப்டன் குக்கின் கப்பல் வந்தபோது, உடன் வந்த ஜோஸப் பாங்க்ஸ் இந்நாரின் உறுதியைக் கண்டு வியந்தார். கப்பற்படைக்குக் கயிறும் பாய்த்துணியும் ஓயாமல் வேண்டியிருந்த காலம் அது. 1788-ல் ஆங்கிலேயர் நார்போக் தீவில் கைதிகளைக் குடியேற்றியதற்கு, அங்கே இதே செடி வளர்ந்திருந்ததும் ஒரு காரணம். செடி இருந்தது, நார் எடுக்கும் வகைதான் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளியைப்போல் நீரில் ஊறவைத்துப் பார்த்தனர், பலிக்கவில்லை. முடிவில் 1793-ல் நியூஜீலாந்தின் வடகரையிலிருந்து டூக்கி, ஹூரு என்னும் இரண்டு மாவோரி இளைஞர்களைக் கப்பலில் ஏற்றிப் பலவந்தமாகக் கொண்டுவந்து, நார் எடுக்கக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டனர். ஒருவன் போர்வீரன், மற்றவன் பூசாரியின் மகன். நார் எடுப்பது அவர்கள் நாட்டில் ஸ்திரீகளின் தொழில். அவர்களுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சமே. அதையும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு அனுப்பும்படி மன்றாடினர். தீவின் அதிகாரியான பிலிப் கிட்லி கிங் அவர்களைத் தம் வீட்டில் நல்லபடியாக வைத்திருந்து, அதே வருஷம் நவம்பரில் தாமே உடன் சென்று கரை சேர்த்தார். தொழில் யார் கையில் இருக்கிறதென்று விசாரிக்காமல், கைக்கு அகப்பட்டவரைப் பிடித்துவந்ததன் பலன் இவ்வளவே.

அடுத்த நூற்றாண்டில் வியாபாரிகள் கரைக்கு வந்து நாரை விலைக்கு வாங்கினர். மாவோரியர் கேட்ட விலை துப்பாக்கி. பக்கத்துக் குலத்தாரிடம் துப்பாக்கி இருக்கத் தம்மிடம் இல்லாவிட்டால் உயிருக்கு உறுதியில்லை என்ற நிலைமை 1820-க்குப் பின் ஏற்பட்டிருந்தது. ஒரு துப்பாக்கிக்கு ஒரு டன் வரை நார் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. சிப்பி ஓட்டால் ஒவ்வொரு கீற்றாக இழுத்து எடுக்கும் நாரில் ஒரு டன் என்பது எத்தனை பேருடைய எத்தனை நாள் உழைப்பென்று எண்ணிப் பார்க்கலாம். செடிக்கு அருகே இருக்கவேண்டி, மேட்டிலிருந்த ஊர்களை விட்டுச் சதுப்பு ஓரங்களில் ஜனங்கள் குடிசை போட்டனர். ஈரத்திலும் குளிரிலும் நோய் பரவிற்று. உணவுப்பயிர் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பலர் மாண்டனர். 1831-க்குப் பின் இந்த வியாபாரம் குன்றியது.

1860-ம் வருஷத்தை ஒட்டி இலையை அடித்து நார் பிரிக்கும் யந்திரம் ஏற்பட்டது. மனவாட்டு ஜில்லாவிலுள்ள பாக்ஸ்டன் முதலிய ஊர்களில் ஆலைகள் பெருகின. ஆலைக்காரர் புதரை அடியோடு அறுத்தனர். குருத்தும் இலையும் ஒன்றாக வண்டியேறின. இப்படி அறுத்த புதர் மறுபடி அறுப்புக்கு வரச் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. யந்திர நார் முரடானது. கயிற்றுக்கும் கம்பளிச் சாக்குக்கும் மேல் உதவவில்லை. அதிலும் மணிலா நாரும் கற்றாழை நாரும் போட்டிக்கு வந்தன. இதனிடையே இலை மஞ்சளித்துப் புதர் முழுவதும் மடியும் நோய் தோட்டங்களில் பரவிற்று. தத்துப்பூச்சியால் பரவும் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரே இதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. எள்ளின் பூவிலை நோயும் கத்தரியின் சிற்றிலை நோயும் இவ்வினத்து நுண்ணுயிர்களால் வருவனவே. சதுப்பு நிலங்களில் பெரும்பாலானவை வடிக்கப்பட்டு மாட்டுப் பண்ணைகளாயின. தென் அட்லாண்டிக்கிலுள்ள ஸெயிண்ட் ஹெலினா தீவிலும் இச்செடியை நட்டு, 1907 முதல் நார் ஆலைகள் நடத்தினர். தபாலாபீஸுக்கு வேண்டிய சணலுக்குச் செயற்கை இழை வந்தபின் அத்தொழில் 1966-ல் நின்றது.

கைத்தொழில் பிழைத்தமை

ஆலைகள் வந்தும் போயும் இருக்க, கிராமங்களில் சில ஸ்திரீகள் பழைய தொழிலைக் கைவிடவில்லை. கம்பளியும் பருத்தித் துணியும் வந்தபின் மேலாடை நித்திய உடையாக இல்லை. ஆனாலும் பெரியோரை வரவேற்கவும் இறந்தவரைப் போர்த்தவும் அது வேண்டியிருந்தது. டே குவிட்டியைச் சேர்ந்த ரங்கிமாரி ஹெட்டெட் என்னும் அம்மையார் 1892-ல் பிறந்து 1995 வரை வாழ்ந்தவர், மனியபோட்டோ குலத்தவர். தாய் மகளுக்கு, அதுவும் தன் குலத்துக்குள் மட்டும் கற்பிப்பதே அக்காலத்து வழக்கம். கைகள் குறைந்துகொண்டே போவதைக் கண்ட இவ்வம்மையார், 1951-ல் ஏற்பட்ட மாவோரி மாதர் நல சங்கத்தின் மூலமாகக் கற்க விரும்பிய எந்தக் குலத்தாருக்கும் கற்பிக்க முன்வந்தார். இது அக்காலத்தில் எல்லாருக்கும் சம்மதமாயிருக்கவில்லை. அவர் மகள் டிகெரஸ் டே கனாவா அதே பணியைத் தொடர்ந்து நடத்தி, 1992-ல் மேலாடை நெய்யும் முறையை நூலாகவும் எழுதிவைத்தார்.

கை பிழைத்தாலும் ரகம் பிழைக்க வேண்டுமே. பழைய தோட்டங்கள் மாடு மேய்ந்தும், பாதைக்கு வெட்டப்பட்டும், பெயர் தெரிந்த பாட்டிமார் இறந்தும் அழிந்துவந்தன. கிஸ்பர்னில் வசித்த ரெனி ஆர்கிஸ்டன் என்னும் அம்மையார் 1950-ஐ அடுத்த வருஷங்களில் ஊர் ஊராகச் சென்று, முதியவர்களைக் கேட்டு, ஒவ்வொரு ரகத்தின் பெயரையும் அதன் உபயோகத்தையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு விசிறியாகக் கொணர்ந்து தம் நிலத்தில் நட்டுக் காத்தார். அவருடைய சேகரத்திலிருந்து சுமார் 50 ரகங்கள் 1980-க்குப் பின் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்துக்கு அளிக்கப்பட்டன. அவை இப்பொழுது லிங்கன் என்னும் ஊரில் தேசிய சேகரமாக வளர்க்கப்படுகின்றன. ஒரே வித நிலத்தில் வளர்த்து நாரின் அளவையும் தன்மையையும் ஆராய்ந்தபோது, நெசவுக்காரர் கூறிவந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் மெய்யென்றே கண்டனர்.

லண்டன் பிரிட்டிஷ் காட்சிச்சாலையில், ஹரகேகேயால் முடைந்த பழைய படகுப்பாய் ஒன்று இருக்கிறது. மாவோரியரின் பழைய பாய்களில் எஞ்சியிருப்பதாகத் தெரிந்தது இது ஒன்றே. 13 துண்டுகளாக முடைந்து இணைக்கப்பட்டது. 2023-ல் இது இரவலாக நியூஜீலாந்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, இதே மாதிரி ஒன்றைத் தாமும் முடைந்து பார்க்க நெசவுக்கார ஸ்திரீகள் சிலர் முன்பே முயன்றிருந்தனர்.

லிங்கன் சேகரத்திலிருந்து நெசவுக்காரர்களுக்கும் பள்ளிகளுக்கும் குலத் தோட்டங்களுக்கும் விசிறிகள் கொடுக்கப்பட்டு வருகின்றன. நடுவோர் இலைகளைக் குட்டையாக வெட்டி, புதர் விரிய இடம் விட்டு நடுகின்றனர். முதல் சில வருஷங்கள் அறுப்பதில்லை. புதர் பருத்து ஒவ்வொரு விசிறியிலும் முதிர்ந்த ஓர இலைகள் தெரிந்தபின், குருத்தையும் அதன் இருபுறத்து இலைகளையும் விட்டு, வெளியே உள்ளவற்றைச் சாய்வாக வெட்டி எடுக்கின்றனர்.